தீர்ப்பு வரும்வரை யாருடைய சுரங்கம்

தலைநகர், பிப்ரவரி 3

தம்பிக்கு,

இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பாய்.

தனியார் சுரங்க உரிமைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொள்ளும் இந்தச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதுதானா என்று ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிக்கப்போகிறார்கள். தீர்ப்பு வரும்வரை எல்லாம் இன்று இருக்கிறபடியே இருக்க வேண்டுமாம். அரசு அனுப்பும் பொறுப்பதிகாரி நம் அலுவலகத்தில் உட்காரலாம், உரிமையாளர் ஆகிவிட முடியாது. நாம் வேலையை நடத்தலாம், வங்கிக் கணக்கைத் தொட முடியாது. சம்பளம் மட்டும் அவர் கையெழுத்தில் போகும். வேலையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உரிமையைக் கைவிட்டதாக எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்று நம் வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார்.

அரசு வக்கீல் நம்மை "மனுதாரர் குடும்பம்" என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ தொற்றுநோயைச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறார். அப்பா பாறையைக் குடைந்து உண்டாக்கியதை எடுத்துக்கொண்டு, நம்மைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களாகவே ஒரு விலையும் போட்டுவிட்டு, அதற்குப் பொதுநலன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தில் கரியைப் பூசாமல் ஊர் திரும்பமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. யார் பேனாவை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற கை உன்னுடையது, அதனால்தான் சொல்கிறேன். போனில் எதையும் பேசாதே. போன் இனிமேல் அந்தப் பொறுப்பதிகாரியின் மேஜையில்தான் இருக்கும். எழுது.

என் அறை ஒரு தட்டச்சுக் கடைக்கு மேலே இருக்கிறது. பகல் முழுக்கத் தரை அதிர்கிறது. பழகிவிடும்.

அக்கா


சுரங்கம், பிப்ரவரி 11

அக்கா,

முதலிலிருந்துதான் படித்தேன்.

பொறுப்பதிகாரி வந்து சேர்ந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு ரப்பர் முத்திரை. அப்பாவின் நாற்காலியைக் காட்டினால் வேண்டாம் என்று வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். தங்குவது நம் விருந்தாளி அறையில், மூன்று வேளைச் சாப்பாடும் நம் அடுப்பில். ஆட்கள் அவருக்கு "வீட்டோட மாப்பிள்ளை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது வெறும் மாப்பிள்ளைதான். பெயர் வைத்தது யார் என்று உனக்கே தெரியும், என் மச்சினன். மூன்றாம் தளத்துக்கு மேற்பார்வையாளன் ஆக்கினாலாவது அவன் வாய் குறையும் என்று நீ சொன்னாய். சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "மாப்ளைய நல்லா கவனிச்சுக்குங்க மாமா. கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா கேஸு என்ன ஆவுறது?"

நீ கோபப்படப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆட்களின் தலைவிளக்குகள் பாதி அணைந்து அணைந்து எரிந்தன. மாப்பிள்ளை அரசுக் கிடங்கிலிருந்து புதியவை வரவழைத்தார். பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் மறுநாள்தான் வந்தது.

மூன்றாம் தளத்தில் ஒரு இடத்தில் கூரை உதிர்கிறது. அங்கே அதைத் தாங்கி நிற்கும் முட்டுகள் எல்லாம் அப்பா காலத்து மரம். இரும்பு முட்டு வைக்க வேண்டும். வாங்கக் காசை எடுக்க முடியாது என்பதால் இப்போதைக்குப் பழைய மரத்துக்குப் பக்கத்தில் பழைய மரத்தையே நிறுத்தியிருக்கிறோம்.

தம்பி


தலைநகர், பிப்ரவரி 19

தம்பி,

நீ போட்ட கையெழுத்தை நேற்று நீதிமன்றத்தில் பார்த்தேன். அரசு வக்கீல் அதைப் பெரிதாகப் படியெடுத்து ஐந்து நீதிபதிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். "பெற்றுக்கொண்டவர்: மேலாளர், அரசுச் சுரங்கம்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே உன் பெயர் முத்து முத்தாக இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் வக்கீலைக் கேட்டார்: "அப்போ சுரங்கம் அரசாங்கத்துதுன்னு உங்க கட்சிக்காரரே ஏத்துக்கிட்டார், அப்படித்தானே?"

வக்கீல் மத்தியானம் வரை மன்றாடி, விளக்கு ஆட்களின் உயிருக்கானது, உரிமைக்கானது அல்ல என்று ஒருவழியாக அதைத் தாண்டினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார், இன்னொரு சீட்டு இப்படி வந்தால் அவர் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானாம்.

விளக்கு கொடுத்த புண்ணியவானுக்கு நல்ல சாப்பாடு போடு. ஆனால் அவன் கையால் ஒரு ஆணிகூட வாங்காதே.

அக்கா


சுரங்கம், மார்ச் 2

அக்கா,

திட்டியது சரி. வாங்கிக்கொண்டேன். ஆனால் இது விளக்கு மாதிரி இல்லை.

மூன்று நாள் முன்னால் மச்சினன் என்னை மூன்றாம் தளத்துக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் வாயை மூடாதவன் கடைசி வளைவில் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு மர முட்டின்மேல் என் கையை எடுத்து வைத்தான். மரம் வயிறு தள்ளி வளைந்திருக்கிறது. கூரையில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். பக்கத்துக் கூரையைக் கம்பியால் தட்டிக் காட்டினான், உள்ளே காலியாக இருக்கிற சத்தம் கேட்டது. நான் சுரங்கப் பொறியியல் படித்தவன், எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. பயந்துவிட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் அன்றே கிடங்குக்குப் போன் போட்டுக் கேட்டு, இரும்பு முட்டுகளை ஒரு லாரியில் வரவழைத்துவிட்டார். லாரி இப்போது முற்றத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. இறக்க வேண்டும் என்றால் சீட்டு. சீட்டில் அதே வரி. "உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று மேலே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அச்சடித்த சீட்டில் எதையும் சேர்த்தால் கிடங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கையெழுத்து இல்லாமல் இறக்கிவிடுங்கள் என்றும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "என் வேலை போயிடும் சார்" என்றார்.

இரண்டு வழிதான் தெரிகிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன். அல்லது மூன்றாம் தளத்தை மூடுகிறேன். எதுவென்று நீ சொல். உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

தம்பி


தலைநகர், மார்ச் 7

தம்பி,

இரண்டும் இல்லை.

தாது வருவதே மூன்றாம் தளத்திலிருந்துதான். அதை மூடினால் மாதக் கடைசியில் உற்பத்தி விழும். அந்த எண்ணைத்தான் அரசுத் தரப்பு வாயைப் பிளந்துகொண்டு எதிர்பார்க்கிறது. கையெழுத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வழக்குக்குக் குந்தகம் இல்லாமல் முட்டுகளைப் பெற்றுக்கொள்ள அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் ஒரு தனி மனு. நான்கு பத்தி. வக்கீலின் குமாஸ்தா இன்றே எழுதிவிட்டார், திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம். இந்த மாதிரி மனுவில் ஒரே வாரத்தில் உத்தரவு போடுவார்களாம். வந்ததும் தந்தி அடிக்கிறேன். அதுவரை மரத்தை வைத்துச் சமாளி. உன் மச்சினனிடம் நான் சொன்னதாகச் சொல், கொஞ்ச நாள் வாயைக் குறைத்து, கூரையைப் பார்க்கட்டும்.

பயப்படாதே. நீ சின்ன வயதிலும் மாடிப்படியில் இருட்டு என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாய். இப்போதும் பிடித்துக்கொள், தப்பில்லை.

அக்கா


சுரங்கம், மார்ச் 15

அக்கா,

கூண்டுக்கு முன்னால் ஆட்களை நிற்கவைத்துச் சொன்னேன், நீதிமன்ற உத்தரவு வந்துகொண்டிருக்கிறது, வந்த மணிக்கே லாரியை இறக்கிவிடுவோம் என்று. துளைபோடுகிறவர்களில் இரண்டு பேர் இறங்கமாட்டேன் என்று நின்றார்கள். மச்சினன்தான் அவர்களைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனான். "மாமாவோட அக்கா கோர்ட்டுலயே குடியிருக்காங்கடா. சொன்னா சொன்னபடி செய்யறவங்க. வாங்க" என்றான். அவனுக்கு உன்மேல் எப்போதுமே ஒரு நம்பிக்கை.

வாரம் முடிந்துவிட்டது. தந்தி வரவில்லை. தபால்காரரைக் கண்டால் மாப்பிள்ளை என்னைவிட முன்னால் ஓடுகிறார். மரம் முனகுகிறது அக்கா. கீழே நின்றால் கேட்கிறது.

தம்பி


தலைநகர், மார்ச் 18

தம்பி,

மனு பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய நீதிபதிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் எடுப்பார்கள். பொறுத்துக்கொள்.

பெரிய வழக்கு பிரமாதமாகப் போகிறது. சொந்தக்காரனைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது எப்படி நியாயமான நடைமுறை ஆகும் என்று நம் வக்கீல் கேட்டபோது அரசு வக்கீல் கையிலிருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். நடுவில் இருப்பவர் நம் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இன்னும் கொஞ்ச நாள்தான்.

அக்கா


சுரங்கம், மார்ச் 27

அக்கா,

மூன்றாம் தளம் விழுந்துவிட்டது. தந்தியில் அதைத்தான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

மச்சினன் போய்விட்டான். கூட நான்கு துளைக்காரர்கள். அன்று இறங்கமாட்டேன் என்று நின்ற இருவரும் அந்த நால்வரில் உண்டு. காலை ஷிப்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அவன் மற்றவர்களை வளைவுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறான். தப்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

தோண்டி எடுப்பதற்குக் கூரையைத் தாங்க வேண்டியிருந்தது. லாரியிலிருந்த இரும்பு முட்டுகளைத்தான் இறக்கினோம். தார்ப்பாயை மாப்பிள்ளையே அறுத்தார். கையெழுத்துக் கேட்கவில்லை. நானும் போடவில்லை. அது அவ்வளவு எளிதாக இருந்தது அக்கா. பத்துப் பேர் சேர்ந்து தூக்கினோம், கீழே கொண்டுபோய் நிறுத்தினோம், அவ்வளவுதான்.

என் மனைவி தன் தம்பியின் உடம்பைப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: "அந்த லாரி இத்தன நாளா முத்தத்துல நின்னுச்சே, அது யாருக்கு வந்தது?" நீதிமன்ற உத்தரவுக்காகக் காத்திருந்தோம் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, உத்தரவு ஏன் தாமதமானது என்று கேட்கத் தன் அமைச்சகத்துக்குப் போன் போட்டார். அங்கே அரசு வக்கீலையே கேட்டுவிட்டார்கள். நம் தரப்பிலிருந்து அப்படி ஒரு மனு வரவேயில்லை என்கிறார்.

பதிவாளர் அலுவலகத்தில் ஏதாவது குளறுபடியாக இருக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மனுவின் எண்ணை எழுதி அனுப்பு.

தம்பி


தலைநகர், ஏப்ரல் 2

தம்பி,

எண் இல்லை. மனுவைத் தாக்கல் செய்யவில்லை.

எழுதியது உண்மை. அதில் நான் கையெழுத்துப் போட்டது உண்மை. அந்தத் திங்கட்கிழமை வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினார், நான் பின்னால் போனேன். பாதிப் படியில் நின்றுவிட்டார். "அம்மா, இதக் குடுத்தா தனியார் கையில சுரங்கம் பாதுகாப்பா இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். அவங்க இந்தச் சட்டம் போட்டதுக்குச் சொல்ற காரணமே அதுதான்" என்றார். முடிவு உங்களுடையது என்றும் சொன்னார். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் காகிதத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

உனக்கு அதை எழுதியிருந்தால் நீ அன்றே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. நீதிபதிக்கு உடம்பு சரியில்லை என்றது நானாகச் சொன்னது.

கூரை இன்னும் ஒரு மாதம் நிற்கும் என்று நினைத்தேன். எதை வைத்து நினைத்தேன் என்று கேட்காதே. நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, அதனால் நிற்கும் என்று நினைத்தேன். உன் மச்சினனை உன் கல்யாணத்தில்தான் முதலில் பார்த்தேன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை கேலி பேசிக்கொண்டே வந்தான். அவன் என்னை நம்பினான் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

திட்டியாவது எழுது.

அக்கா


தலைநகர், மே 20

தம்பி,

நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரிந்துதான் நான் எழுதுகிறேன்.

வென்றுவிட்டோம். இந்த வார்த்தையை எழுத எவ்வளவு ஆசைப்பட்டேன், எழுதிவிட்டுப் பார்த்தால் பிடிக்கவில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் நம் பக்கம். கேட்காமலும், உரிய ஈடு இல்லாமலும் உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது. போடப்பட்ட நாளிலிருந்தே செல்லாது. சுரங்க உரிமை ஒரு நாள்கூட நம் கையைவிட்டுப் போகவில்லை என்று தீர்ப்பில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். நீதிமன்ற வாசலில் மற்றச் சுரங்கக்காரர்கள் எனக்கு மாலை போட வந்தார்கள். பக்கவாட்டு வழியாக வெளியே போய்விட்டேன்.

அந்த வரிதான் இப்போது நம் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது. ஒரு நாள்கூடப் போகவில்லை என்றால், கூரை விழுந்த அன்றும் அது நம்முடைய சுரங்கம். ஐந்து பேர் சாவுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்திருந்தால் அரசின் தலையில் போயிருக்கும். நம் வக்கீலே இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் ஒரு வழி சொல்கிறார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உரிமை நம்முடையது, ஆனால் அன்று இடத்தைக் கையில் வைத்திருந்தது பொறுப்பதிகாரி. சாவி அவரிடம், போன் அவரிடம், சம்பளம் அவர் கையெழுத்தில். விசாரணை அதிகாரியிடம் நீ இந்த அளவுக்குச் சொன்னால் போதும். இதில் எதுவும் பொய் இல்லை. முட்டு கொடுக்க அவர் முன்வந்ததற்கு எழுத்தில் எதுவும் இல்லை, சீட்டில்தான் கையெழுத்து விழவில்லையே. லாரியைப் பார்த்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்.

என்னை மன்னிக்கவேண்டாம். ஆனால் நீ சிறைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. மேலாளர் என்று முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். எனக்கு இருப்பது நீ ஒருவன்தான்.

அக்கா


சுரங்கம், மே 27

அக்கா,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதனால்தான் தாமதம்.

என் மனைவி அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமையல்கட்டில் நானும் பொறுப்பதிகாரியும்தான் இருக்கிறோம். தீர்ப்பு வந்த பிறகு அவருக்கு இங்கே வேலை இல்லை, விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று மட்டும் உத்தரவு. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அந்தப் பட்டப்பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை.

விசாரணை நேற்று நடந்தது, நம் அலுவலகத்திலேயே. உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. நீ சொன்னதை யோசிக்கவில்லை என்று பெருமையடிக்கமாட்டேன். யோசித்தேன். சிறை என்றால் எனக்குப் பயம்தான். சாவி அவரிடம், போன் அவரிடம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கையெழுத்து இல்லாவிட்டாலும் தான் லாரியை இறக்கியிருக்க வேண்டும், வேலை போய்விடும் என்று பயந்துவிட்டதாக அவர் சொன்னது என் காதில் விழுந்தது. யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நம் பெயரை அவர் இழுக்கவே இல்லை. அவர் பங்கை மட்டும் எடுத்துவைத்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் போனேன். அன்று சுரங்கம் யார் பொறுப்பில் இருந்தது என்று அதிகாரி கேட்டார். "எங்களுது சார். அன்னைக்கும் எங்களுதுதான். முட்டு வந்து நின்னுச்சு, வேணாம்னு நிறுத்தினதும் நாங்கதான்" என்றேன். யார் யார் என்று கேட்டார். என்னைச் சொன்னேன். உன்னையும் சொன்னேன். தாக்கல் செய்யாத மனுவைப் பற்றியும் சொன்னேன். உன்மேல் இருக்கும் கோபத்தில் சொன்னேனா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன். கோபம் இருக்கிறது, அது போகாது. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. நான் என்னை மட்டும் சொல்லியிருந்தால் பாதிதான் சொன்னதாகியிருக்கும். உள்ளே போய் இறந்தவனுக்கு அந்தப் பாதி போதாது.

உன்னைக் காப்பாற்றாத தம்பி என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். நீ எனக்காகத்தான் அந்த வழியைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இந்த வழக்கும் உனக்காக மட்டும் நீ நடத்தவில்லை என்றும் தெரியும். தெரிந்தும் வேறு விதமாகச் செய்ய முடியவில்லை.

இந்த வாரத்துக்குள் உன் அறைக்கு விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள். வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அவர் வரும்வரை கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இருக்காதே, திறந்துவிடு. உட்காரச் சொல். சுரங்கத்தின் உரிமையாளர் யார் என்று முதலில் கேட்பார்கள். நாங்கள்தான் என்று சொல்.

தம்பி